பின் அச்சின் மரையை எப்படிப் பார்ப்பது, எதுவரை காப்பாற்றலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாராக (தோட்ட எழுத்தராக) இருந்த தம் தாத்தா விட்டுச்சென்ற 1960களின் வோக்ஸ்வேகன் பீட்டில் 1200 காரை மீண்டும் ஓடவைக்க முயலும் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். வலப் பக்கப் பின் பிரேக் டிரம்மைக் கழற்றப் போனபோது, 36 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் நட்டு கைபலத்துக்கே இளகி வந்துவிட்டது. அச்சின் வெளி முனையில் மரை (நட்டு ஏறும் திருகுப் பள்ளம்) நசுங்கியிருக்கிறது. டிரம்மை ஒட்டிய பக்கத்தில் மரை பளபளப்பாகித் தட்டையாக இருக்கிறது. லோரி உதிரிப்பாகக் கடையில் வாங்கிய, 24 மி.மீ. மரை விட்டமுள்ள நட்டு இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொண்டது. ஒரு பட்டறைக்காரர் நட்டைப் போட்டு வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் அச்சையே மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி என்பதே கேள்வி.

தம்பி, முதலில் மூன்று வேலைகளைச் செய்யாதீர்கள். வெல்டிங் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த லோரி நட்டை ஸ்பேனர் போட்டு மேலும் உள்ளே தள்ளாதீர்கள். வண்டியைப் பட்டறை வாசல்வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் பல ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் பழைய வண்டிகளின் அச்சுகளைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருப்பது இரண்டு வெவ்வேறு சேதங்கள். கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் வெளி முனை நசுங்கல் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. பளபளவென்று அழகாகத் தெரியும் உள் பக்கத் தட்டைதான் ஆபத்தானது.

இதன் காரணம் புரிய, அந்த நட்டு அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோல அது டிரம் கழன்று விழாமல் தடுக்கும் மூடி அன்று. அச்சுத்தண்டின் தோளிலிருந்து வெளி நோக்கி பேரிங், ஸ்பேசர் (இடைவெளி காக்கும் வளையம்), டிரம் என்று வரிசையாக நிற்கும் எல்லாவற்றையும் ஒரே கட்டையைப்போல அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. பீட்டிலின் இந்த நட்டுக்குத் தொழிற்சாலை விதித்த இறுக்கம் ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர், பழைய கணக்கில் 217 அடி பவுண்டு. 24 மி.மீ. மரையில் இந்த முறுக்கு ஏறக்குறைய ஆறு டன் அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை டிரம்மின் ஸ்பிளைன் பற்களும் (அச்சோடு கோத்துச் சுழலும் நீளவாட்டுப் பற்கள்) அச்சின் பற்களும் ஒன்றின்மேல் ஒன்று நகர்வதில்லை. அழுத்தம் குறைந்தால், கியர் மாற்றும்போதும் பிரேக் அழுத்தும்போதும் டிரம் மயிரிழை அளவு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் ஸ்பிளைனைத் தின்னும், நட்டின் அடியைத் தின்னும், கடைசியில் மரையையும் தின்னும். நட்டின் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின் (முனை பிளந்த பூட்டுக்கம்பி) நட்டு கழன்று ஓடாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இறுக்கத்தைக் காப்பாற்றாது. ஸ்பிளிட் பின் சரியாக இருந்தும் உங்கள் நட்டு எளிதாக இளகியதென்றால், அது நெடுங்காலம் அழுத்தமில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள்.

அந்த ஆறு டன்னும் எல்லாச் சுற்றுகளிலும் சமமாக விழுவதில்லை. நட்டுக்குள் பத்துச் சுற்று மரை பிடித்திருந்தாலும், டிரம்மை ஒட்டிய முதல் சுற்று மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. முதல் மூன்று சுற்றுகளும் சேர்ந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். வெளி முனையிலிருக்கும் சுற்றுகள் பெயரளவுக்கே பாரம் சுமக்கின்றன. அதனால்தான் சுத்தியலடியில் நசுங்கிய முனை பெரிய விஷயம் இல்லை என்றும், உள் பக்கம் தேய்ந்திருப்பதே விஷயம் என்றும் சொன்னேன். மரை எத்தனை சுற்று கெட்டிருக்கிறது என்று எண்ணுவதைவிட, எந்தச் சுற்று கெட்டிருக்கிறது என்று பார்ப்பதே சரியான முறை.

அடுத்து, உங்கள் லோரி நட்டின் கதை. பீட்டிலின் பின் அச்சு மரை 24 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்சும் கொண்டது, அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒன்றரை மி.மீ. கடைகளில் 24 மி.மீ. என்று கேட்டால் பொதுவாகக் கிடைப்பது 3 மி.மீ. பிட்ச், கனரக வண்டிகளில் 2 மி.மீ. பிட்சும் உண்டு. ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகினால், விட்டம் பொருந்தி பிட்ச் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதை ஸ்பேனரால் தள்ளினால் நல்ல மரையும் வெட்டுப்படும். நட்டைக் கையாலேயே திருப்பிக் கழற்றிவிடுங்கள். வராவிட்டால் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள்.

இங்கேயே மோரிஸ் மைனர், ஆஸ்டின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டப் பகுதிகளில் மிஞ்சியிருக்கும் பழைய ஆங்கிலேய வண்டிகளில் அங்குல மரைதான் இருக்கும். அதிலும் இரண்டு குலம் உண்டு. விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் மரைகளின் கோணம் 55 பாகை. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட யூனிஃபைட் மரையின் கோணம் மெட்ரிக்கைப்போல 60 பாகை. முக்கால் அங்குல பி.எஸ்.எஃப். மரையில் அங்குலத்துக்கு 12 சுற்று. முக்கால் அங்குல யூ.என்.எஃப். (யூனிஃபைட் நுண்மரை) மரையில் 16 சுற்று. மாறுதல் ஒரே நாளில் நடக்காததால், ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருக்கலாம். அதனால் மரை கேஜை (பிட்ச் பார்க்கும் பல் தகடு) வைத்துப் பார்க்காமல் டையையோ (மரை வெட்டும் கருவி) நட்டையோ எடுக்கக் கூடாது. பக்கத்தையும் கவனிக்க வேண்டும்: பல பழைய வண்டிகளில் இடப் பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி மரை (எதிர்த்திசையில் இறுகுவது) வைத்திருப்பார்கள். பீட்டிலில் முன் இடது சக்கரம் அப்படித்தான். பின் அச்சில் மட்டும் இரு பக்கமும் வழக்கமான வலப்புரி.

இனி உங்கள் அச்சுக்கு வருவோம். மரையைச் சுத்தம் செய்யாமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்துப் பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். கிரைண்டரில் பூட்டும் கம்பித் தூரிகை வேண்டாம். அது மரையின் முகட்டை உருட்டிவிடும், பிறகு எது பழைய தேய்மானம், எது உங்கள் வேலை என்று தெரியாமல் போகும். தோட்டத்து வண்டி என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். உர மூட்டை ஏற்றிய வண்டிகளின் அடிப்பாகத்தில் பொட்டாஷ் உப்பு ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துக் குழி குழியாக்கியிருக்கும். அம்மைத் தழும்புபோல் பரவலாக இருக்கும் மேலோட்டமான குழிகளால் பலம் அதிகம் குறையாது. மரையின் அடிப்பள்ளத்தில் இறங்கிய குழிகள் விரிசலுக்கு விதை.

பார்க்கும்போது ஒரு சிறு கண்ணாடி அவசியம். பல் மருத்துவர் வைத்திருப்பதைப்போன்ற கைப்பிடி வைத்த வட்டக் கண்ணாடி போதும். நட்டு டிரம்மை உள்ளே தள்ளும்போது, டிரம் நட்டை வெளியே தள்ளுகிறது. ஆகவே பாரமெல்லாம் மரையின் உள் பக்கச் சரிவில், அதாவது கியர்பெட்டியைப் பார்த்திருக்கும் சரிவில்தான் விழுகிறது. நாம் சக்கரப் பக்கம் குந்தி உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணில் படுவது பாரம் சுமக்காத வெளிச் சரிவு. அது புதிதுபோலவே இருக்கும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். கண்ணாடியை ஸ்பிளைன் பக்கம் நுழைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, உள் சரிவைப் பாருங்கள். நல்ல மரையில் இரண்டு சரிவும் ஒரே சாய்வாக இருக்கும். தேய்ந்த மரையில் உள் சரிவு குழிந்து, முகடு வெளிப்புறமாகச் சாய்ந்து, மரம் அறுக்கும் வாளின் பல்லைப்போலத் தெரியும். அந்தச் சாய்வு முதல் மூன்று சுற்றுகளில் கண்ணுக்கே தெரிந்தால், அளக்காமலேயே அச்சைக் கழித்துவிடலாம்.

ஸ்பிளிட் பின் போகும் துளையருகே மரை அறுபட்டிருப்பதைச் சேதம் என்று எண்ண வேண்டாம். துளை மரையின் குறுக்கே போவதால் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தத் துளையிலிருந்து வெளி முனைவரை மரையின் குறுக்கே நேர்கோடாக ஒரு கீறல் இருந்தால், யாரோ பின்னை முழுதாக எடுக்காமல், அடித்துத் திருகும் இம்பாக்ட் கன்னால் நட்டைக் கழற்றியிருக்கிறார்கள், உடைந்த பின் துண்டு உழுதுகொண்டே போயிருக்கிறது. துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால், நட்டு ஆடி ஆடி, ஸ்பிளிட் பின்னைக் கொண்டு துளையை இடித்திருக்கிறது.

கண் சொல்வதை அளவால் உறுதிசெய்ய வேண்டும். இந்த மரை 25 மி.மீ.க்குள் அடங்குவதால், எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும் சாதாரண 0–25 மைக்ரோமீட்டரே போதும். புதிய அச்சில் மரையின் வெளி விட்டம் 23.73 முதல் 23.97 மி.மீ.வரை இருக்கலாம். ஆனால் வெளி விட்டம் முகட்டை மட்டுமே காட்டும். முகடு சற்று மழுங்கியும் சரிவுகள் நன்றாக இருக்கலாம், முகடு சரியாக இருந்தும் சரிவு தேய்ந்திருக்கலாம். சரிவை அளக்கப் பழைய கடைசல்காரர்கள் செய்யும் மூன்று கம்பி முறையை நீங்களும் செய்யலாம். 0.9 மி.மீ. டிரில் பிட்டுகள் மூன்று வாங்குங்கள். அவற்றின் வெட்டும் பகுதியை விட்டு, வழுவழுப்பான காம்பை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் அடுத்தடுத்த பள்ளங்களில் இரண்டையும், எதிர்ப் பக்கம் ஒன்றையும் கெட்டி கிரீஸால் ஒட்டி நிறுத்தி, மைக்ரோமீட்டரை அவற்றின்மேல் வைத்து அளவிடுங்கள். காம்பு சரியாக 0.9 மி.மீ. என்றால், புதிய மரையில் 24.25 முதல் 24.39 மி.மீ.வரை காட்ட வேண்டும். காம்பின் விட்டம் 0.01 மி.மீ. குறைவாக இருந்தால் இந்த எண்களில் 0.03 கழித்துக்கொள்ளுங்கள்.

அளவை மூன்று இடங்களில் எடுங்கள்: டிரம் பக்கத்து முதல் சுற்றுகளில், நடுவில், வெளி முனைக்குச் சற்று உள்ளே. பிறகு இடப் பக்க டிரம்மையும் கழற்றி, அந்த அச்சிலும் அதே மூன்று இடங்களை அளவிடுங்கள். ஒரே வண்டியின், ஒரே காலத்தின் நல்ல அச்சு பக்கத்திலேயே இருக்கும்போது அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. டிரம் பக்கத்தில் மூன்று கம்பி அளவு 24.15 மி.மீ.க்குக் கீழே போனால் நான் அந்த அச்சைச் சாலைக்கு அனுப்புவதில்லை. இது புத்தகத்தில் உள்ள எல்லை அன்று, என் கைப்பழக்கத்தில் வந்த எல்லை. ஆனாலும் இதைத் தளர்த்த நான் விரும்ப மாட்டேன்.

அளவு சரியாக வந்தால் அடுத்த சோதனை புதிய நட்டு. பீட்டிலுக்கே உரிய புதிய நட்டை வாங்குங்கள். பழைய நட்டின் மரை பெரும்பாலும் அச்சைவிட முந்தித் தேய்ந்திருக்கும் என்பதால் எப்படியும் அது வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரலாலேயே ஏற்றுங்கள். ஒரே இடத்தில் தட்டி, அதைத் தாண்டியதும் மறுபடி இலகுவாகப் போனால் அங்கே ஒரு நசுங்கல் இருக்கிறது, அரத்தால் தீர்க்கலாம். ஆரம்பத்தில் இலகுவாகப் போய், ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாக இறுகிக்கொண்டே போனால் மரையே இழுபட்டு நீண்டிருக்கிறது. நீளக் குழாய் போட்டு எவரோ அளவுக்கு மீறி முறுக்கியதன் விளைவு அது. 1.5 பிட்ச் மரை கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், ஒரு முனையில் பொருந்தும் பற்கள் மறுமுனையில் பள்ளத்தை விட்டு ஏறி நிற்பது தெரியும். இழுபட்ட இரும்புக்குச் சிகிச்சை இல்லை. அந்த மரையை டையால் வெட்டிச் சீராக்கினாலும் உள்ளிருக்கும் உலோகம் ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

விரிசல் சோதனையை விட்டுவிடாதீர்கள். பட்டறைகளில் சிவப்புச் சாயம் தெளித்துப் பார்ப்பார்கள்; அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய ரயில் பட்டறை முறை இருக்கிறது. மரைப் பகுதியை மண்ணெண்ணெயால் நன்கு நனைத்து அரை மணி நேரம் விடுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்குக்கட்டியைப் பொடித்துத் தூவுங்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும். டிரம் பக்கத்து முதல் மரையின் அடிப்பள்ளம், ஸ்பிளிட் பின் துளையின் விளிம்பு, ஸ்பிளைன் முடியும் இடம் ஆகிய மூன்றையும் கூர்ந்து பாருங்கள். ஒரு கோடு தெரிந்தால் அத்துடன் முடிந்தது.

மரை தேறினாலும், அதைக் கெடுத்தது எது என்று கண்டுபிடிக்காமல் மூடினால் ஆறு மாதத்தில் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். டிரம்மின் நடுத்துளையைப் பாருங்கள். ஸ்பிளைன் பற்களுக்கிடையே குங்குமம்போன்ற செந்தூள் இருந்தால், அது வெறும் துரு இல்லை. இரும்பு இரும்போடு உரசி உதிர்ந்த மாவு. சுத்தம் செய்த டிரம்மை நட்டில்லாமல் அச்சில் ஏற்றி, கியரில் போட்டுவிட்டு, இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கியர்களின் தளர்ச்சியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, அச்சின் முனையில் பார்வையை வைத்து, டிரம் அசைந்து அச்சு அசையாமல் நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் புதிய டிரம் வேண்டும். டிரம் அச்சைவிட மென்மையானது என்பதால் முதலில் தேய்வது அதுதான்.

எளிதில் கண்ணுக்குத் தப்பும் இன்னொரு காரணமும் உண்டு. வெளி ஸ்பேசர் தேய்ந்து குட்டையானாலோ, மாற்றாக வாங்கிய டிரம்மின் நடுப்பகுதி மெலிதாக இருந்தாலோ, நட்டு டிரம்மை அழுத்துவதற்கு முன்பே மரையின் முடிவில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரென்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 300 என்று காட்டும், டிரம் மட்டும் தளர்வாகவே இருக்கும். டிரம் ஏறிய பிறகு அதன் வெளி முகத்துக்கு உள்ளேயும் மரை தொடர்ந்து போகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். போகாவிட்டால் அந்த டிரம்மோ ஸ்பேசரோ தவறானது.

சரி, பழுது பார்ப்பது எப்படி? நசுங்கிய வெளி முனைக்கு வெட்டும் டையை வெளியிலிருந்து ஏற்றாதீர்கள். நசுங்கிய இடத்தில் டை எந்தப் பள்ளத்தில் நுழைகிறது என்று அதற்கே தெரியாது. ஒரு பாகை சாய்ந்தாலும் புதிய மரை ஒன்றைப் பழைய மரையின்மேல் குறுக்கே வெட்டிவிடும். உள்ளே இருக்கும் நல்ல மரையில் தொடங்கி வெளியே வருவதே முறை. இரண்டு பாதியாகப் பிரியும் மரை சீராக்கி இருந்தால் மிக எளிது. இல்லாவிட்டால் உங்கள் பழைய நட்டையே பயன்படுத்தலாம். அதை இரும்பு வாளால் நேர் பாதியாக அறுத்து, மரையிலுள்ள பிசிறை நீக்கி, இரு பாதிகளையும் நல்ல மரைமேல் வைத்து ஒரு கிளாம்பால் இறுக்காமல் பிடித்து, எண்ணெய் விட்டுக் கால் சுற்று வெளியே, சிறிது உள்ளே என்று மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். நட்டின் இரும்பு வெட்டாது. ஆனால் எங்கே தட்டுகிறது என்று துல்லியமாகக் காட்டும், சிறு பிசிறுகளைப் படியவைக்கும். தட்டும் இடத்தில் முக்கோண ஊசி அரத்தால் நான்கைந்து இழுப்பு மட்டும் இழுங்கள். 1.5 பிட்ச் மரை அரம் கிடைத்தால் இன்னும் நல்லது. சுத்தியலடியால் விரிந்த முனையை முதலிலேயே தட்டை அரத்தால் சாய்வாக்கிவிட வேண்டும். பொறுமையாகச் செய்தால் ஒரு மாலை வேலை. வெளி முனையில் ஒன்றிரண்டு சுற்று பாதியளவு போய்விட்டாலும், மற்றவை சரியாக இருந்து ஸ்பிளிட் பின் துளை கெடாமல் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். டிரம் பக்கத்து மூன்று சுற்றுகளில் ஒன்றுகூட அப்படிப் போயிருக்கக் கூடாது.

மரையைக் கடைந்தெடுத்து 22 மி.மீ.க்கு இறக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்கில் அது அழகாகப் பொருந்துவதால்தான் ஆசை வருகிறது: பழைய மரையின் அடி விட்டம் ஏறக்குறைய 22.16 மி.மீ., அதன் கீழே புதிய 22 மி.மீ. மரை சுத்தமாக உட்காரும். ஆனால் பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பு 401 சதுர மி.மீ.யிலிருந்து 333ஆகக் குறைகிறது. இரும்புக்கு அதே அளவு சிரமம் கொடுப்பதானால் 300க்குப் பதிலாக ஏறத்தாழ 230 நியூட்டன் மீட்டரில் நிறுத்த வேண்டும்; டிரம்மைப் பிடிக்கும் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். டிரம் தளர்ந்ததால் வந்த நோய்க்கு, டிரம்மைத் தளர்த்துவதையே மருந்தாகக் கொடுப்பதா? கண்காட்சிக்கு மட்டும் நிறுத்தும் வண்டி என்றால் வேறு பேச்சு. தாத்தாவின் வண்டியில் நீங்கள் குடும்பத்தோடு ஈப்போவரை போக நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம்.

வெல்டிங் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப்பக்கம் இது மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் யோசனை. ஆலையில் செம்பனைக் குலை இழுக்கும் டிரெய்லர்களின் அச்சு முனைகளை நானே வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து மரை வெட்டியிருக்கிறேன். முன்கூட்டியே சூடாக்கி, உலர்த்திய குறை ஹைட்ரஜன் வெல்டிங் ராடு பிடித்து, மணலில் புதைத்து மெல்ல ஆறவிட்டு எடுப்போம். அவை டிராக்டருக்குப் பின்னால் மெதுவாக உருளும், தடிமனான, பலம் மிச்சமிருக்கும் அச்சுகள். காரின் அச்சு வெப்பப் பதமிட்ட, கரி கூடிய எஃகு. அதில் தீப்பொறி பட்ட இடத்தைச் சுற்றி ஒரு வளையம் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. அதன் அருகிலேயே இன்னொரு வளையம் பதம் இறங்கி மென்மையாகிறது. அதுவும் பாரம் அதிகம் விழும் முதல் மரையின் இடத்தில். நட்டையே அச்சோடு பற்றவைப்பது இதைவிட மோசம்: அது அழுத்தம் தருவதில்லை, சூடு பக்கத்திலிருக்கும் எண்ணெய் சீலைக் கருக்குகிறது, அடுத்த முறை பிரேக் பார்க்க வேண்டுமென்றால் அறுத்தே எடுக்க வேண்டும்.

அப்படிப் பற்றவைத்த பீட்டில் அச்சு ஒன்று உடைந்து என் மேசைக்கு வந்தது. எந்தப் பட்டறையின் வேலை என்பது இங்கே தேவையில்லை. தோட்டத்து மண்பாதையில், மெதுவாகப் போகும்போது சக்கரமும் டிரம்மும் ஒன்றாகக் கழன்று வடிகாலில் போய் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடைந்த முகத்தைக் கழுவிப் பார்த்தேன். பற்றவைத்த விளிம்பிலிருந்து பிறைநிலா வடிவில் ஒரு பகுதி கருத்துத் துருவேறியிருந்தது. மீதி, உடைத்த சர்க்கரைக் கட்டிபோல் சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னியது. அந்தக் கருத்த பிறை மாதக்கணக்கில் வளர்ந்த விரிசல். வெளியிலிருந்து பார்த்தவருக்கு நட்டு கெட்டியாக, கழற்றவே முடியாதபடி உறுதியாகத் தெரிந்திருக்கும். பீட்டிலின் பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைப்பது இந்த ஒரு முனைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, டிரம் பக்கத்துச் சுற்றுகள் தேய்ந்திருந்தால் அச்சை மாற்றச் சொன்னவரே சரி. ஆனால் அவர் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் 1200இல் இருப்பது ஊசல் அச்சு. அதன் உள் முனை தட்டையாக, துடுப்புபோல இருந்து கியர்பெட்டிக்குள் பக்கக் கியரில் உட்கார்ந்து ஆடும். அந்தப் பொருத்தம் நூலிழை அளவுக்குத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டது. தொழிற்சாலையில் வண்ணப் புள்ளியிட்டு ஜோடி சேர்த்தார்கள். கிடைத்த பழைய அச்சை அப்படியே நுழைத்தால் இறுக்கமாகிச் சூடேறலாம், அல்லது தளர்ந்து சத்தம் போடலாம். எனவே பழைய வண்டியிலிருந்து அச்சு வாங்கும்போது அதன் பக்கக் கியரையும் சேர்த்தே வாங்குங்கள், அச்சுக்குழாயைக் கழற்றிப் பொருத்தம் பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். வாங்கும் முன் கண்ணாடியையும் மூன்று டிரில் பிட்டையும் எடுத்துப்போய், மேலே சொன்ன சோதனையை அந்த அச்சிலும் செய்யுங்கள். பின்னாளில் வந்த 1302, 1303 பீட்டில் வகைகளில் சக்கரப் பக்கம் குட்டையான தனித் தண்டு இருப்பதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. கடைசல் வேலை ஏதும் தேவைப்பட்டால், ஈப்போ, மெங்லெம்புப் பக்கம் ஈயச் சுரங்கக் காலத்திலிருந்து வழிவழியாக வந்த லேத் பட்டறைகள் இன்னும் உண்டு. மூன்று கம்பி முறை என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் புரிந்துகொள்ளும் கைகள் அங்கே இருக்கின்றன.

மரை தேறி, பழைய அச்சையே பூட்டுவதாக இருந்தால் இறுக்கும் முறையே கடைசிப் பரீட்சை. மரையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்; கிரீஸை அப்பினால் அதே முறுக்கில் அழுத்தம் அளவுக்கு மீறிப் போகும். சக்கரம் தரையில் இருக்க, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் போட்டு இறுக்குங்கள். ஜாக்கில் நிற்கும் வண்டியில் இந்த வேலை கூடாது. 100, 200, 300 என்று படிப்படியாக ஏற்றுங்கள். நட்டு நகர நகர ரென்ச்சின் எதிர்ப்பு கூடிக்கொண்டே போக வேண்டும். நட்டு நகர்ந்தும் எதிர்ப்பு கூடாமல் வெண்ணெயில் திருகுவதுபோல் இருந்தால் உடனே நிறுத்துங்கள், மரை உரிந்துகொண்டிருக்கிறது. பெரிய டார்க் ரென்ச் இல்லாவிட்டால், நட்டின் நடுவிலிருந்து 51 செ.மீ. தூரத்தில் குழாயில் ஒரு கோடு போட்டு, குழாய் தரைக்கு இணையாக நிற்கும்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கோட்டில் தம் முழு எடையை மெல்ல வைத்தால் 300 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். துள்ளக் கூடாது. ஸ்பிளிட் பின் துளை நட்டின் பிளவோடு நேராகாவிட்டால் அடுத்த பிளவுக்கு முன்னோக்கி இறுக்குங்கள், ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்த வேண்டாம். புதிய ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள்.

பிறகு வெள்ளைப் பெயின்டால் அச்சின் முனை, நட்டு, டிரம்மின் முகம் மூன்றையும் கடந்து போகும்படி ஒரே கோடு இழுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் ஹப் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஐந்நூறில் மறுபடியும் பாருங்கள். ஸ்பிளிட் பின் இருப்பதால் அச்சுக்கும் நட்டுக்கும் இடையே கோடு உடையாது. நட்டுக்கும் டிரம்முக்கும் இடையே கோடு விலகியிருந்தால் டிரம் ஸ்பிளைனில் நகர்கிறது. பின்னைக் கழற்றி மேலும் இறுக்குவதோடு விடாமல், டிரம்மையே வெளியே எடுத்து ஸ்பிளைனிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.